அப்பா வாய் திறக்காத பதினெட்டு நாள்

எங்கள் சபையில் ஜெபம் செய்வது என் அப்பாவின் வேலை. ஆமென் சொல்வது மற்றவர்களின் வேலை. இந்த ஏற்பாட்டில் யாருக்கும் ஒரு குறையும் இருக்கவில்லை, அப்பாவைத் தவிர.

விழுப்புரம் மாவட்டத்து வல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துச் சபையில் அப்பா உபதேசியாராக இருந்தார். நாற்பது வீடுகள், ஓடு போட்ட ஒரு கோயில், அதை ஒட்டி எங்கள் வீடு. எங்கள் பக்கத்தில் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். ஆயர் திண்டிவனத்தில் இருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் ஆண்டவருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே நின்றது அப்பா ஒருவர்தான்.

காலையில் பல் துலக்குவதற்குள் யாராவது வாசலில் நிற்பார்கள். போர்வெல் போடப் போகிறார்கள், ஒரு ஜெபம். மகள் பரீட்சை எழுதப் போகிறாள், ஒரு ஜெபம். மல்லாட்டை, அதாவது நிலக்கடலைக்கு மழை வேண்டும், காய வைத்த பிறகு மழை வேண்டாம், இரண்டுக்கும் ஜெபம். சிலர் கூட நின்று கண் மூடுவார்கள். சிலருக்கு அதற்கும் நேரம் இருக்காது. "நீங்க பண்ணிக்கினு இருங்க ஐயா, நான் மாட்டைக் கட்டிட்டு வந்துர்றேன்" என்று போய்விடுவார்கள். அவர்கள் திரும்பி வரும்போது அப்பா ஜெபத்தை முடித்துத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

அப்பாவுக்கு நல்ல குரல். அதைச் சொல்லியே ஆக வேண்டும். "கிருபையுள்ள பரலோகப் பிதாவே" என்று அவர் தொடங்கினால் பின்வரிசையில் அழுகிற குழந்தைகூட நிறுத்திவிடும். குரல் ஏறி, தழைந்து, மறுபடி ஏறி, முடிகிற இடத்துக்கு வரும்போது பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பக்கத்து ஊர்ச் சபைக்காரர்கள் அந்த ஜெபத்தைக் கேட்பதற்கென்றே வந்தது உண்டு. எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. அப்பாவுக்கும் கொஞ்சம் பெருமை இருந்திருக்கும், கேட்டால் இல்லை என்பார்.

ஆனால் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் அவர், "இப்போது உங்களில் யாராவது ஜெபிக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பார். எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். ஜெபத்துக்கென்று தனியாக ஒரு தமிழ் இருக்கிறது, அது நமக்கு வராது என்பது அவர்களுடைய உறுதியான எண்ணம். களத்துமேட்டில் பேசுகிற பேச்சை வைத்துக்கொண்டு ஆண்டவர் முன்னால் எப்படிப் போய் நிற்பது? அப்பாவைத் தவிர அந்தத் தமிழ் தெரிந்தவர் ஹெட்மாஸ்டர் தாத்தா ஒருவர்தான். அவர் உலகம் உண்டான நாளிலிருந்து ஆரம்பித்து எங்கள் ஊர் வந்து சேர இருபத்தைந்து நிமிடம் ஆகும். அதைக் கேட்ட பிறகு யாருக்கு வாய் திறக்க தைரியம் வரும்?

அப்பா சும்மா இருக்கவில்லை. ஜெபத்தைப் பற்றி ஏழு வாரம் தொடர்ந்து பிரசங்கம் செய்தார். எல்லோரும் நன்றாகக் கேட்டார்கள். ஏழாவது வாரம் டிராக்டர் ஓட்டுகிற மாமா வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜெபத்தைப் பத்திச் சூப்பரா பேசினீங்க ஐயா. அப்படியே நம்ம டிராக்டர் கிளச்சுக்கு ஒரு ஜெபம் பண்ணிடுங்க" என்றார். அடுத்து, வாரத்துக்கு இரண்டு பேர் என்று பெயர் எழுதிக் கதவில் ஒட்டினார். பெயர் வந்தவர்களுக்கெல்லாம் வெள்ளிக்கிழமை தவறாமல் காய்ச்சல் வந்தது. கடைசியாக, ஜெபத்தைத் துண்டுத்தாளில் எழுதியே கொடுத்துப் பார்த்தார். டிராக்டர் மாமாதான் முதலில் படித்தார். பஸ் கண்டக்டர் ஊர்ப் பெயர்களை அடுக்குகிற வேகத்தில் படித்தார். நடுவில் அப்பா அடைப்புக்குள் எழுதியிருந்த "இங்கே சற்று நிறுத்தவும்" என்பதையும் சேர்த்துப் படித்தார். நாங்கள் அதற்கும் ஆமென் சொன்னோம்.

இதில் அப்பா அவ்வளவு தவித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. ஆயரின் கீழ் இருந்த சபைகள் எல்லாம் சேர்ந்த எங்கள் சேகரத்தில் வருடத்துக்கு ஒரு நாள் சங்கிலி ஜெபம் நடக்கும். திண்டிவனம் கோயிலில் காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை, மணிக்கு ஒரு சபை. ஒருவர் முடித்ததும் அதே சபையில் இன்னொருவர் மைக்குக்கு வர வேண்டும். இடையில் அரை நிமிடத்துக்கு மேல் மௌனம் விழுந்தால் சங்கிலி அறுந்ததாகக் கணக்கு. கோயில் பணியாள் கயிற்றை இழுத்து மணியடித்துவிடுவார், அந்த மணி நேரத்தின் மிச்சம் அடுத்த சபைக்குப் போய்விடும். நான் நாலாவது படித்த வருடம் எங்கள் மணி நேரம் முழுவதையும் அப்பா ஒருவரே ஜெபித்தார். நடுவில் ஹெட்மாஸ்டர் தாத்தா கொஞ்சம் தாங்கிப் பிடித்தார். சங்கிலி அறுந்துபோகவில்லை. ஆனால் ஒரே வளையத்தைச் சங்கிலி என்று யார் ஒப்புக்கொள்வார்கள்? வெளியே தண்ணீர்க் குழாயடியில் டவுன் பிள்ளைகள் என்னைப் பார்த்து, "தோ பார்றா, ஒத்த ஆளு சபை" என்றார்கள். நான் முகம் கழுவுகிற சாக்கில் அழுதேன்.

ஆயர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியது எனக்குக் கேட்டது. "அடுத்த வருஷமும் இதே மாதிரின்னா உங்க சபைக்குத் தனி நேரம் வேணாம் உபதேசியாரே. வேற சபையோட சேந்து உக்காந்துக்குங்க." கோபமில்லாமல் சொன்னார். அதனாலேயே அப்பாவுக்கு அதிகம் வலித்தது.

அடுத்த சங்கிலி ஜெபத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கையில் அப்பாவின் தொண்டை போயிற்று. செவ்வாய்க்கிழமை தெருக்கூட்டத்தில் கரண்டு நின்றுவிட்டது. மைக் இல்லாமல் ஒன்றரை மணி நேரம் கத்திப் பேசினார். புதன்கிழமை காலை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தார், காற்று மட்டும் வந்தது. திண்டிவனத்தில் தொண்டை டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, பத்து நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது, குசுகுசுவென்றும் பேசக் கூடாது, மீறினால் குரல் திரும்பி வருவது சந்தேகம் என்று சொல்லி அனுப்பினார். என் சிலேட்டு அப்பாவுக்குப் போனது. நான் நோட்டுக்கு மாறிய பிறகு சும்மா கிடந்த சிலேட்டு அது. அம்மா கவலைப்பட்டாள் என்றாலும் வீடு இவ்வளவு அமைதியாக இருப்பது அவளுக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது என்று நினைக்கிறேன்.

ஊருக்கு விஷயம் முழுதாகப் புரிந்தது வெள்ளிக்கிழமைதான். ஜெபக்கூட்டத்துக்கு இருபது பேர் வந்திருந்தார்கள். அப்பா கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். சிலேட்டில் "இன்று நீங்கள்தான்" என்று எழுதித் தூக்கிக் காட்டினார். எல்லோரும் ஹெட்மாஸ்டர் தாத்தாவின் இடத்தைப் பார்த்தார்கள். அவர் மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூர் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது, திரும்ப இன்னும் ஒரு மாதம் ஆகும். பிறகு வழக்கம்போல் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

பால்கார அத்தை மட்டும் தரையைப் பார்க்கவில்லை. ஒரே ஒரு மாட்டை வைத்துக்கொண்டு நாலு ஜீவனைக் காப்பாற்றி வந்தவள் அவள். கூட்டத்துக்கு வரும் பழக்கமில்லாதவள், அன்றைக்கு அப்பாவிடம் ஒரு ஜெபம் வாங்கிக்கொண்டு போக வந்திருந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்தாள். அப்பாவைப் பார்த்தாள். அப்பா தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார்.

"யாரும் பண்ணலன்னா எப்படி? எனக்கு வீட்ல வேலை கெடக்குது" என்றாள் அத்தை. "சரி, நானே கேட்டுக்கிறேன்." உட்கார்ந்த இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆண்டவரே, நான்தான். என் மாடு கன்னு போட்டுட்டு நேத்துலேந்து படுத்துக்கினு கெடக்குது, எந்திரிக்க மாட்டேங்குது. ஐயாகிட்ட சொல்லலாம்னு வந்தா ஐயாவுக்குத் தொண்டை போயிடுச்சு. அதனால நேரா உங்ககிட்டயே சொல்றேன். மாடு போச்சுன்னா என் வீட்ல அடுப்பு எரியாது, அது உங்களுக்கே தெரியும். கொஞ்சம் ஜல்தியா பாத்து எழுப்பி உடுங்க. அவ்ளோதான்."

கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தாள். டிராக்டர் மாமா, "ஆமென் சொல்லலியே அக்கா" என்றார். "அது நீங்க சொல்றது" என்று சொல்லிவிட்டு அத்தை எழுந்து போய்விட்டாள். நாங்கள் எல்லோரும் அவசர அவசரமாக ஆமென் சொன்னோம், அவள் அதற்குள் படி இறங்கியிருந்தாள்.

மறுநாள் காலை மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டார், மதியத்துக்கு மாடு எழுந்து நின்றது. அத்தை டாக்டருக்குப் பாதி, ஆண்டவருக்குப் பாதி என்று பெருமையைப் பிரித்துக் கொடுத்தாள். ஊரில் பேச்சு அது இல்லை. களத்துமேட்டுப் பேச்சிலேயே ஜெபம் பண்ணினாளாம், ஒன்றும் ஆகவில்லையாம், வானம் இடிந்து விழவில்லையாம். அதுதான் பேச்சு.

அப்புறம் அப்பா தன் டி.வி.எஸ்ஸில் ஒவ்வொரு வீடாகப் போனார். நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். போய்த் தண்ணீர் வாங்கிக் குடிப்பார், பாயில் உட்காருவார், கண்ணை மூடிக்கொள்வார். அவ்வளவுதான். வந்த மனிதரை ஜெபமில்லாமல் அனுப்பினால் நன்றாக இருக்காதே என்று வீட்டுக்காரர்கள் நெளிவார்கள். கடைசியில் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஆண்டவரே, ஐயா வந்திருக்காரு" என்று ஆரம்பித்துவிடுவார். பெரும்பாலான ஜெபங்கள் அப்படித்தான் தொடங்கின.

டிராக்டர் மாமா வீட்டில் நடந்ததை நான் மறக்கவில்லை. மாமா கிளச்சில் தொடங்கினார். பிறகு, "குடிக்கிற புத்தியையும் எடுத்துருங்க ஆண்டவரே, என்னால முடியல" என்றார். அவர் குடிப்பதே அப்பாவுக்குத் தெரியாது. மாமாவின் மனைவி கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவும் பார்த்தார். ஒரு வருடமாக அப்பா அந்த வீட்டில் தன் அழகான குரலில் கிளச்சுக்காக மன்றாடிக்கொண்டிருந்தார். திரும்பி வரும் வழியில் டி.வி.எஸ்ஸை ஒரு புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு வெகுநேரம் சும்மா நின்றார். பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று நான் பார்த்தேன், தீரவில்லை.

பதினோராவது நாள், சனிக்கிழமை மதியம், சாப்பிட வரச் சொல்லி அம்மா என்னைக் கோயிலுக்கு அனுப்பினாள். கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. தட்டக் கையை ஓங்கினேன், உள்ளே பேச்சுச் சத்தம். அப்பாவின் குரல். கரகரப்பு கொஞ்சமும் இல்லை. ஏறி, தழைந்து, பழையபடியே கணீரென்று இருந்தது. நாற்பது வீட்டையும் வரிசையாகப் பெயர் சொல்லி ஜெபித்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த சந்தோஷத்தில் குதிக்காததுதான் பாக்கி. இனி கவலையில்லை, சங்கிலி ஜெபத்தில் ஒரு மணி நேரத்தையும் அப்பாவே பார்த்துக்கொள்வார். இந்த நல்ல செய்தியை அவர் வாயாலேயே சொல்லட்டும் என்று வீட்டுக்கு ஓடி வந்து உட்கார்ந்தேன்.

அப்பா வந்தார், கை கழுவினார், சாப்பிட்டார். இரண்டு வாய் சாப்பிட்டதும் சிலேட்டை எடுத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். "உப்பு கம்மி" என்று எழுதினார்.

மறுநாள் ஆராதனையிலும் அப்பா துண்டைச் சுற்றிக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருந்தார். பத்து நாள் முடிந்துவிட்டதை எல்லோரும் கணக்கு வைத்திருந்தார்கள். "இன்னும் சரியாவலியா ஐயா?" என்று பால்கார அத்தை கேட்டாள். அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தொண்டையைத் தடவிக்கொண்டு சிரித்தார். அவ்வளவுதான். ஆனால் ஞாயிறு பள்ளியில் எங்களுக்குப் பாடம் எடுத்தது யார்? வாயால் சொன்னால்தான் பொய் என்பதில்லை, தலையாட்டுவதும் பொய்தான், சும்மா இருந்து ஏமாற்றுவதும் பொய்தான் என்று மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தது இதே அப்பாதான்.

அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. யாரிடம் சொல்வது? அம்மாவிடம் சொன்னால் அம்மாவின் மனசு உடைந்துவிடும் என்று நினைத்தேன். அப்பாவை எப்படியாவது பேசவைத்துவிட வேண்டும் என்று அவர் முதுகுக்குப் பின்னால் தட்டைப் போட்டேன். திரும்பி, சத்தமில்லாமல் முறைத்தார். சிலேட்டை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்தேன். அம்மா சலித்து வைத்திருந்த கேப்பை மாவில் விரலால் "சிலேட்டு எங்கே" என்று எழுதினார். படுக்கும்போது அப்பா நரகத்தில் இருப்பது மாதிரியும், அங்கேயும் சிலேட்டில் எழுதித் தண்ணீர் கேட்பது மாதிரியும் தோன்றும். போர்வைக்குள் அழுவேன்.

சங்கிலி ஜெபத்தன்று டிராக்டர் மாமா டிரெய்லரில் வைக்கோல் பரப்பி எங்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனார். எங்களுக்கு மூன்றிலிருந்து நாலு. பெரிய கோயில், மேலே வரிசையாக மின்விசிறி, பத்துப் பன்னிரண்டு சபை ஆட்கள். முன்வரிசை பெஞ்சில் அப்பா உட்கார்ந்தார். மைக்குக்குப் பக்கத்தில் பணியாள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உபதேசியாருக்குத் தொண்டை இல்லையாம், இன்னிக்கு மணி நிச்சயம்" என்று பின்னால் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.

பால்கார அத்தை முதலில் போனாள். "ஆண்டவரே, போன தடவை மாட்டுக்காக வந்தேனே, அவதான்" என்று ஆரம்பித்தாள். டவுன்காரர்கள் சிரித்தார்கள். அத்தை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாட்டுக்கு நன்றி சொன்னாள், மாடு இல்லாதவர்களுக்காகக் கேட்டாள், ஆஸ்பத்திரியில் இருக்கிற பக்கத்து வீட்டுக்காரிக்காகக் கேட்டாள். அவள் முடிக்கும்போது சிரிப்பு நின்றிருந்தது. டிராக்டர் மாமா போய், பதினோரு நாளாகக் குடிக்கவில்லை என்று மைக்கில் சொன்னார். எத்தனை நாள் என்பதை விரல் விட்டு எண்ணிச் சொன்னார். கரும்பு வெட்டப் போகிறவர்கள், மில்லுக்குப் போகிறவர்கள், மைக்கைத் தொடவே பயந்த ஒரு சின்னப் பெண், ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். சிலர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்கள். ஒருவர் மழை வேண்டும் என்று கேட்டுவிட்டு, "உங்களுக்கு எப்ப சௌகரியமோ அப்ப" என்று முடித்தார். பின்னால் இருந்தவர்கள் மெல்ல மெல்ல முன்னால் வந்து உட்காரத் தொடங்கினார்கள். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். பதினாறு பேர். ஒத்தை ஆள் சபை என்று சொன்ன பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று திரும்பித் திரும்பித் தேடினேன்.

நாலு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் பதினாறாவது ஆள் திரும்பி வந்து உட்கார்ந்தார். யாரும் எழவில்லை. எல்லோரும் முடித்துவிட்டார்கள். வந்தவர்களில் மிச்சம் அம்மாவும் கைக்குழந்தைக்காரிகள் இரண்டு பேரும் நானும்தான். அம்மா அப்பாவைப் பார்த்தாள். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். பணியாள் கயிற்றை இறுகப் பிடித்தார்.

அப்பா எழுந்திருக்கவில்லை. இரண்டு கையையும் கோத்து வாயின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு "பரலோகப் பிதாவே" போதும். அவருக்குக் குரல் இருக்கிறது. இருந்தும் எங்கள் சங்கிலியை அறுந்துபோக விடுகிறார். எப்படி எழுந்தேன், எப்படிப் போனேன் என்று தெரியாது. மைக் எனக்கு எட்டவில்லை, பணியாள் கயிற்றை விட்டுவிட்டு வந்து வளைத்துக் கொடுத்தார்.

"ஆண்டவரே, எங்க அப்பாவுக்குத் தொண்டை எப்பவோ சரியாயிடுச்சு. அவர் கோயிலுக்குள்ள பூட்டிக்கினு பேசுறார், நான் கேட்டேன். சரியாவாத மாதிரி எல்லாரையும் ஏமாத்திக்கினு இருக்கார். அவரை மன்னிச்சிடுங்க. நரகத்துக்கு அனுப்பிடாதீங்க."

நான் என்ன செய்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆயர் முன்னால், பத்து சபை முன்னால், அப்பாவைக் காட்டிக்கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது வரிசையிலிருந்து பால்கார அத்தையின் குரல் கேட்டது. "எங்களுக்கும் தெரியும் பாப்பா. நீ மேல சொல்லு."

திரும்பிப் பார்த்தேன். எங்கள் ஊர் ஆட்கள் ஒருவர்கூட அதிர்ந்ததாகத் தெரியவில்லை. டிராக்டர் மாமா கண்ணை மூடியபடியே சிரித்துக்கொண்டிருந்தார். அதிர்ந்துபோய் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர் அப்பா ஒருவர்தான். மேலே சொல் என்றால் எதைச் சொல்வது? எனக்குப் பரமண்டல ஜெபம் தலைகீழாகத் தெரியும், அது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"எங்க ஊர்க்காரங்க எல்லாரும் நல்லா ஜெபம் பண்ணினாங்க, அதுக்கு ஸ்தோத்திரம். மாடு எந்திரிச்சதுக்கு ஸ்தோத்திரம். மாமா குடிக்காததுக்கு ஸ்தோத்திரம். ஒத்த ஆளு சபைன்னு சொன்னவங்களையும் மன்னிச்சிடுங்க, ஆனா இன்னிக்கே மன்னிக்க வேணாம்."

கோயில் முழுக்கச் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஒரு குரல் கணீரென்று "ஆமென்" என்றது. பதினெட்டு நாளில் அப்பா எல்லோர் முன்னாலும் சொன்ன முதல் வார்த்தை அது. அதை வாங்கிக்கொண்டு எங்கள் சபை முழுவதும் ஆமென் என்றது, பின்னால் உட்கார்ந்திருந்த மற்ற சபையாரும் சொன்னார்கள். நாலு மணி அடித்தது. அது நேரம் முடிந்ததற்கான மணி. எங்கள் சங்கிலி அறுந்துபோகவே இல்லை. பதினேழு பேர்.

ஆயர் வெளியே வந்து அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே நின்றார். தண்ணீர்க் குழாயடிக்கு நான் வேண்டுமென்றே போய் நின்றேன். டவுன் பிள்ளைகள் வழிவிட்டார்கள். தாகமே இல்லாமல் மூன்று டம்ளர் குடித்தேன்.

திரும்பும் வழியில் டிரெய்லரில்தான் விவரம் வெளியே வந்தது. அப்பாவே கேட்டார், "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன செவ்வாக்கெழமை என் கன்னுக்குட்டி கோயிலுக்குள்ள பூந்துடுச்சே. ஏய் போ, வெளிய போன்னு தெருமுனை வரைக்கும் கேக்குற மாதிரி வெரட்டினது யாரு?" என்றாள் அத்தை. அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டதாம்.

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க மறுபடி ஆரம்பிச்சிடுவீங்களே ஐயா" என்றாள் அவள். டிரெய்லரே குலுங்கிற்று. அப்பாவும் சிரித்தார், சிரித்துக்கொண்டே துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வைக்கோல் தூசி என்று அம்மா என்னிடம் சொன்னாள்.

இரண்டு மாதம் கழித்து, சபையாரை ஜெபிக்க ஊக்குவிப்பது எப்படி என்று விழுப்புரத்தில் ஊழியர்களுக்கு ஒரு கூட்டம் வைத்து அப்பாவைப் பேசக் கூப்பிட்டார்கள். அறுபது பேர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அப்பா எழுந்து, "நான் ஒண்ணும் பண்ணலைங்க. கொஞ்ச நாள் வாயை மூடிக்கினேன். அப்பதான் அவங்க பேசுறது கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நோட்டில் ஏழு குறிப்பாவது எழுதிக்கொண்டு போகலாம் என்று வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். எனக்கும் கொஞ்சம் அவமானமாக இருந்தது. இதைச் சொல்லவா பஸ் ஏறி வந்தோம் என்று நினைத்தேன்.

அப்பா ஏன் கதவைத் தாழிட்டுக்கொண்டு பேசினார் என்று நான் யோசித்ததே இல்லை. திருட்டுத்தனம் என்று முடிவு கட்டியிருந்தேன். எனக்குக் கல்யாணமான பிறகு ஒரு நாள் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். "அவரால சும்மா இருக்கவே முடியல. ஜனங்க தட்டுத் தடுமாறி ஜெபம் பண்றப்பல்லாம் இவருக்கு வாய் துடிக்கும். உள்ள அடக்கிக்கினே இருந்துட்டு, மதியானம் போய்க் கோயிலைப் பூட்டிக்கினு மொத்தத்தையும் கொட்டிட்டு வருவாரு."

இப்போது நான் விழுப்புரத்தில் எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தை நடத்துகிறேன். அப்பாவின் குரலில் பாதி எனக்கு வந்திருக்கிறது, அதில் எனக்கும் பெருமைதான், கேட்டால் இல்லை என்பேன். வெள்ளிக்கிழமைகளில், "யாராவது ஜெபிக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். பத்து விநாடி போகும், பதினைந்து போகும். ஆரம்பித்துவிடலாம், எவ்வளவு நன்றாகச் செய்வேன் என்று நாக்கு நுனி வரை வார்த்தைகள் வந்து நிற்கும். இரண்டு கையையும் கோத்து வாயின்மேல் அழுத்தி வைத்துக்கொள்வேன். அப்புறம் மூலையிலிருந்து ஒருத்தி, "ஆண்டவரே, நான்தான்" என்பது போல ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொடங்குவாள்.

திண்டிவனத்தில் பணியாள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த அரை நிமிடம், தன் சபைக்கு இருந்த ஒரே மணி நேரம் கண்முன்னே போகிறதைப் பார்த்துக்கொண்டு, அத்தனை நல்ல குரலை உள்ளே வைத்துக்கொண்டு, அப்பா இப்படித்தான் உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து போய் அவருக்காக மன்னிப்புக் கேட்டேன்.